மெம்மரி கார்டு: பேணும் முறையும் பழுது நீக்கமும்

தறியில் ஏறிய புட்டா, கரை மாதிரிகள், பயிரில் கண்ட நோயின் அறிகுறிகள், பட்டா, சங்க ரசீதுகள் ஆகியவற்றின் படங்களை அங்கத்தினர் பலர் இன்று ஸ்மார்ட்போனில் வைத்திருக்கின்றனர். போனில் இடம் போதாதபொழுது, விரல்நக அளவேயுள்ள மெம்மரி கார்டு அவற்றைத் தாங்குகிறது. அது பழுதாயின் பல ஆண்டுப் பதிவுகள் ஒரு நொடியில் மறைந்துவிடக்கூடும். ஆகவே அதனைக் குறித்துச் சில விஷயங்களை அங்கத்தினர்களின் கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறோம்.

இவ்வகைக் கார்டு 2004ஆம் ஆண்டில் டிரான்ஸ்ஃபிளாஷ் என்ற பெயரில் வெளிவந்து, 2005இல் மைக்ரோ எஸ்.டி. எனப் பெயர் பெற்றது. 2 ஜி.பி.க்கு மேல் 32 ஜி.பி. வரை உள்ளவை எஸ்.டி.எச்.சி. வகை, அதற்கு மேல் 2 டி.பி. வரை உள்ளவை எஸ்.டி.எக்ஸ்.சி. வகை. பழைய போன்கள் சில பின்னதை ஏற்பதில்லை. வாங்குமுன் இதனை விசாரித்தல் நலம். வட்டத்திற்குள் 10 என்று அச்சிட்டிருப்பின், நொடிக்குக் குறைந்தது 10 எம்.பி. எழுதவல்லது என்பது பொருள். மேலே அச்சிட்ட கொள்ளளவு உள்ளே இல்லாத போலிக் கார்டுகளும் சந்தையில் உலவுகின்றன. புதிய கார்டை முழுவதும் நிரப்பி, கோப்புகள் திறக்கின்றனவா என்று முதல் நாளே சோதிப்பது உத்தமம்.

2015இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 6 முதல், கார்டைப் போனின் உட்சேமிப்பாகவே அமைக்கும் வசதி சில போன்களில் உண்டு. அவ்வாறு அமைத்த கார்டு மறைகுறியில் எழுதப்படுவதால், வேறு எந்தப் போனிலும் திறக்காது. போன் கெட்டால் படங்களும் போயின. ஆதலின் படங்களுக்குத் தனிச்சேமிப்பு முறையே ஏற்றது.

கார்டில் இடமிருந்தும் போன் நிரம்பிவிட்டதாக அறிவிப்பு வருவதுண்டு. வாட்ஸ்அப் படங்கள் போனின் உட்சேமிப்பிலேயே தங்குவது இதற்கு ஒரு காரணமாகும். வேண்டாதவற்றை நீக்கி, வேண்டியவற்றைக் கார்டுக்கு மாற்றினால் இடம் கிடைக்கும்.

"கார்டு பழுது, ஃபார்மட் செய்க" என்று போன் கூறினால், அவசரப்பட்டு உடன்பட வேண்டாம். முதலில் போனை அணைத்துக் கார்டை எடுத்து, அதன் உலோக முனைகளை உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து மீண்டும் பொருத்துக. பயன் இல்லையேல், தனிச்சேமிப்புக் கார்டாயின் கம்ப்யூட்டரில் இட்டுப் பார்க்கலாம். திறந்தால் யாவற்றையும் பிரதி எடுத்தபின்னரே ஃபார்மட் செய்யவேண்டும். திறக்காவிடில் அதில் புதிதாக எதையும் எழுதலாகாது. இருப்புக் கணக்கேடு கிழிந்தாலும் கிடங்கில் மூட்டைகள் இருப்பதுபோல், பட்டியல் சிதைந்தாலும் படங்கள் உள்ளே இருக்கக்கூடும். மீட்புப் புரோகிராம் கொண்டு அவற்றை எடுக்க வழியுண்டு. மேலே புதிதாக எழுதிவிட்டாலோ, பழையவை மீளா.

படிக்க இயன்றும் எழுத மறுக்கும் கார்டு பெரும்பாலும் ஆயுள் முடிந்ததாகும். இத்தனை முறைதான் எழுதலாம் என்ற வரம்பு எல்லாக் கார்டுகளுக்கும் உண்டு. உடனே பிரதி எடுத்து அதற்கு ஓய்வு கொடுக்கவேண்டும். கார்டைக் கழற்றுமுன் செட்டிங்ஸ் பகுதியில் எஜெக்ட் செய்வதும், அல்லது போனை அணைப்பதும் அவசியம்.

இவற்றிற்கெல்லாம் மேலான பாதுகாப்பு இரண்டாவது பிரதியே. மாதம் ஒருமுறை கம்ப்யூட்டரிலோ பென்டிரைவிலோ பிரதி எடுத்து வையுங்கள். விதைநெல்லைத் தனியே காத்துவைக்கும் நமக்கு இது புதிய பாடமன்று.