ஆர்கன் எண்ணெய்: போத்தலில் இருப்பது பெயரா, எண்ணெயா?

சாய்ப்புச் சாமான், அழகுசாதனப் பொருள் வியாபாரம் செய்யும் சகோதரர்கள் எல்லோருக்கும் இந்தக் கேள்வி வந்திருக்கும். “முதலாளி, ஆர்கன் எண்ணெய் இருக்கா?”

ஏறாவூரிலிருந்து திருகோணமலை வீதியில் செங்கலடியைத் தாண்டினால் வந்தாறுமூலை. அங்கே கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986இல் முழுப் பல்கலைக்கழகமானது. நாட்டின் எல்லாத் திசையிலிருந்தும் வந்து தங்கிப் படிக்கும் பிள்ளைகள் இருக்கும் இடம் என்பதால், கொழும்பில் இன்று ஓடும் சரக்கு அடுத்த மாதம் நமது பகுதியில் கேட்கப்படும். இதை நான் பல பொருட்களில் கண்டிருக்கிறேன். ஆர்கன் எண்ணெயும் அப்படித்தான் வந்தது. மத்திய கிழக்கில் வேலை செய்து திரும்பிய நமது சகோதரிகளும் பெட்டிக்குள் ஒரு போத்தல் கொண்டு வந்தார்கள். இப்போது வீட்டிலேயே தலைக்கு எண்ணெய் காய்ச்சி, போத்தலில் அடைத்து, வட்ஸ்அப்பில் விற்கும் பெண்கள் அதிலும் ஆர்கன் சேர்க்கலாமா என்று கேட்கிறார்கள்.

அண்மையில் இப்படிக் கேட்டு வந்த ஒரு சகோதரியின் கையில் சீட்டுப் பிடித்த காசு இருந்தது. அந்தக் காசு முழுவதையும் இதில் போடலாமா என்பதுதான் அவருடைய கேள்வி. அவருக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரிவாக எல்லோருக்கும் எழுதுகிறேன்.

எங்கிருந்து வருகிறது?

ஆர்கன் மரம் மொரோக்கோ நாட்டின் தென்மேற்குப் பகுதிக்கே உரிய மரம். அகாதிர், எஸ்ஸவிரா நகரங்களைச் சுற்றியுள்ள வரண்ட நிலத்தில் முள்ளோடு வளர்கிறது. ஆடுகள் மரத்தில் ஏறி நின்று பழம் தின்னும் படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். அது இந்த மரந்தான். 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாவர மருத்துவ அறிஞர் இப்னுல் பைத்தார் இம்மரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆகவே இது நேற்று முளைத்த சரக்கு அல்ல. உலகச் சந்தைக்கு வந்ததுதான் புதிது.

பழத்தைக் காயவைத்து, தோலை நீக்கி, உள்ளே இருக்கும் கடினமான கொட்டையைக் கல்லில் வைத்துக் கல்லால் உடைக்க வேண்டும். உள்ளிருக்கும் சிறிய பருப்பிலிருந்துதான் எண்ணெய் எடுக்கப்படுகிறது. ஒரு லீற்றர் எண்ணெய்க்குச் சுமார் 30 கிலோ பழம் வேண்டும். கொட்டை உடைக்கும் வேலை இன்றும் பெரும்பாலும் பெண்களின் கையில்தான் இருக்கிறது. விலை ஏன் அதிகம் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இந்த எண்ணெயில் இரண்டு வகை உண்டு. பருப்பை வறுத்து எடுப்பது சமையலுக்கு. அது நிறம் கூடி, வறுத்த மணத்தோடு இருக்கும். வறுக்காமல் எடுப்பது தலைக்கும் தோலுக்கும். அதன் மணம் குறைவு, நிறமும் வெளிறியது. இந்த வேறுபாடு தெரியாமல் சரக்கு எடுத்தால், வாடிக்கையாளர் மணத்தைக் குறை சொல்லிப் போத்தலைத் திருப்பிக் கொண்டு வருவார்.

தலைக்கு என்ன செய்யும்?

இதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். தோலுக்கு வெளியே தெரியும் முடி உயிரற்றது. எந்த எண்ணெயும் அதை வளர வைக்காது. எண்ணெய் செய்வது பாதுகாப்பு வேலை. முடியின் மேல் படிந்து உராய்வைக் குறைக்கும், சிக்கைக் குறைக்கும், மினுக்கம் கொடுக்கும். ஆர்கன் எண்ணெயில் ஒலெயிக், லினோலெயிக் என்ற கொழுப்பமிலங்களும் விற்றமின் ஈயும் இருக்கின்றன. பாரமில்லாமல் படிவதால், காய்ந்து சொரசொரத்த நுனி முடிக்கு நல்லது.

தேங்காய் எண்ணெயின் விடயம் வேறு. அதிலுள்ள லோரிக் அமிலம் முடியின் உள்ளே ஊடுருவக் கூடியது. 2003இல் ஆர்த்தி ரெலே, ஆர். பி. மொஹிலே ஆகிய இரு இந்திய ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிய எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முடியிலிருந்து புரதம் இழக்கப்படுவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே என்பது அதன் முடிவு. அவர்கள் வேலை செய்தது தேங்காய் எண்ணெய் விற்கும் மரிகோ கம்பனியில் என்பதையும் சேர்த்தே சொல்லி விடுகிறேன். யார் சொன்னது என்று பார்ப்பதும் வியாபாரியின் பழக்கமாக இருக்க வேண்டும்.

ஆகவே எண்ணெய்கள் இரண்டுக்கும் வேலை வேறு. குளிப்பதற்கு முன் தேங்காய் எண்ணெய், குளித்த பின் ஆர்கன் என்பதுதான் பொருத்தமான முறை.

வீட்டில் செய்யும் முறை

என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். வாரத்தில் ஒன்றிரண்டு நாள், குளிப்பதற்கு ஒரு மணித்தியாலம் முன்பு தேங்காய் எண்ணெயை முடியின் நீளத்துக்குத் தடவ வேண்டும். பிறகு கழுவி, துணியால் ஒற்றி, ஈரம் கொஞ்சம் இருக்கும்போதே மூன்று நான்கு துளி ஆர்கன் எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து நுனிப் பக்கம் மட்டும் பூச வேண்டும். கூடினால் பிசுபிசுக்கும், தூசி ஒட்டும். தலையை மூடும் நமது பெண்கள் முடி நன்றாகக் காய்ந்த பிறகே மூட வேண்டும். நமது வெக்கையில் ஈரத்தோடு கட்டினால் அரிப்பும் வாடையும் வரும்.

பொடுகு உள்ளவர்கள் தலைத்தோலில் எண்ணெய் ஊற வைக்கக் கூடாது. பொடுகோடு தொடர்புள்ள பூஞ்சணம் கொழுப்பை உண்டே பெருகும். கொத்துக் கொத்தாக முடி கொட்டுபவருக்கு எண்ணெய் விற்க வேண்டாம், வைத்தியரிடம் போகச் சொல்லுங்கள். இரும்புச்சத்துக் குறைவு, தைரொயிட் போன்ற காரணங்கள் இருக்கலாம். ஒரு போத்தல் விற்பனையை விடுவதால் கடை மூடாது. அப்படிச் சொல்லி அனுப்பிய வாடிக்கையாளர் நம்பிக்கையோடு திரும்பி வருவார் என்பது என் அனுபவம்.

கறிவேப்பிலை, செவ்வரத்தம்பூ போட்டுக் காய்ச்சுபவர்கள் இலையையும் பூவையும் முதலில் நிழலில் நன்றாக உலர்த்திக்கொள்ளுங்கள். இலையிலோ போத்தலிலோ நீர்ச்சத்து இருந்தால் எண்ணெய் கெடும், பூஞ்சணம் பிடிக்கும். ஆர்கன் சேர்ப்பதாயின் காய்ச்சும்போது சேர்க்காமல், இறக்கி ஆறிய பிறகு சேருங்கள். தேங்காய் எண்ணெய் லேசில் கெடாது. ஆர்கன் எண்ணெய் வெளிச்சத்திலும் சூட்டிலும் காறிப் போகும். நிறக் கண்ணாடிப் போத்தல் வேண்டும், வெயில் படும் ஷோகேஸில் வைக்கக் கூடாது.

லேபலை வாசியுங்கள்

“ஆர்கன் ஒயில்” என்று பெரிய எழுத்தில் உள்ள போத்தலின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். உள்ளடக்கத்தில் அளவு கூடியது முதலிலும் குறைந்தது பின்னாலும் வரும் என்பதுதான் பொதுவான முறை. சுத்தமான எண்ணெய் என்றால் ஆர்கானியா ஸ்பினோசா கேர்னல் ஒயில் என்ற ஒரே பெயர் மட்டும் இருக்க வேண்டும். டைமெத்திகோன், சைக்ளோபென்டாசிலொக்சேன் என்று தொடங்கினால் அது சிலிக்கோன் சீரம். அதில் ஆர்கன் கொஞ்சம் கலந்திருக்கிறது என்றுதான் பொருள். சிலிக்கோன் சீரம் கெட்ட பொருள் அல்ல, முடிக்கு மினுக்கம் கொடுக்கும். ஆனால் அதைச் சுத்த ஆர்கன் என்று சொல்லி விற்பது பொய்.

குளிர்சாதனப் பெட்டியில் வைத்துப் பார், கடதாசியில் விட்டுப் பார் என்று பல சோதனைகள் சொல்கிறார்கள். வீட்டுச் சோதனை எதுவும் கலப்படத்தை நிரூபிக்காது. மொத்த வியாபாரியிடம் தொகுதி இலக்கம், காலாவதித் திகதி, ஆய்வுகூட அறிக்கை, முறையான பற்றுச்சீட்டு கேளுங்கள். தர மறுப்பவரிடம் எடுக்காதீர்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் அதிகாரிகள் கடைக்கு வந்தால், “எனக்கு இப்படித்தான் வந்தது” என்ற பதில் உதவாது. வீட்டில் செய்து விற்பவர்களும் விலை, அளவு, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, உள்ளடக்கம், செய்தவர் விலாசம் எல்லாவற்றையும் லேபலில் போடப் பழக வேண்டும்.

கணக்குப் பார்ப்போம்

இனி அந்தச் சகோதரியின் சீட்டுக் காசுக்கு வருகிறேன். கீழே வருவது உதாரண விலைகள்தான், உங்கள் இடத்து விலையைப் போட்டுப் பாருங்கள்.

ஆர்கன் ஒரு லீற்றர் 30,000 ரூபா, தேங்காய் எண்ணெய் லீற்றர் 1,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். 100 மில்லிலீற்றர் போத்தலில் 10 ஆர்கன், 90 தேங்காய் எண்ணெய். ஆர்கனுக்கு 300 ரூபா, தேங்காய் எண்ணெய்க்கு 90 ரூபா. போத்தல், மூடி, லேபலுக்கு 120. கூலியும் சேதாரமும் 90. ஆக 600 ரூபா. 750க்கு விற்றால் போத்தலுக்கு 150 லாபம். நல்ல வியாபாரமாகத்தான் தெரிகிறது.

ஆனால் ஒரு லீற்றர் ஆர்கனில் 100 போத்தல் வரும். அதற்கு முதல் 60,000 ரூபா. மூன்று மாதத்தில் 40 போத்தல் விற்றால் கைக்கு வருவது 30,000. கொப்பியில் லாபம் 6,000 என்று இருக்கும், கையில் இன்னும் 30,000 பற்றாக்குறை. மீதி 60 போத்தலில் எண்ணெய்க்கு வயது போய்க்கொண்டிருக்கும். புதிதாகத் தொழில் செய்பவர்கள் பலர் விழுவது இந்தக் குழியில்தான். லாபம் இருந்தும் காசு இல்லாமல் மூடுகிறார்கள்.

அதனால் நான் சொன்னது, முதலில் 100 மில்லிலீற்றர் ஆர்கன் மட்டும் வாங்குங்கள். சில்லறையாக வாங்குவதால் விலை கூடத்தான் இருக்கும், பரவாயில்லை. பத்துப் போத்தல் செய்து, வாங்கியவர்களில் எத்தனை பேர் இரண்டாவது முறை கேட்கிறார்கள் என்று பாருங்கள். முதல் போத்தலை உறவுக்காகவும் வாங்குவார்கள். இரண்டாவது போத்தலைப் பொருள் நல்லதென்றால்தான் வாங்குவார்கள்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 2022 ஆகஸ்டில் டொலர் தட்டுப்பாட்டால் அரசாங்கம் சுமார் 300 வகைப் பொருட்களின் இறக்குமதியை இடைநிறுத்தியது. வாசனைத் திரவியமும் ஷாம்பூவும் அந்தப் பட்டியலில் இருந்தன. கட்டுப்பாடுகள் பிறகு தளர்ந்தன. என்றாலும் இறக்குமதிச் சரக்கை மட்டும் நம்பித் தொழில் கட்டுபவருக்கு அது ஒரு பாடம். உள்ளூர்ச் சரக்கும் நிலையாக இருப்பதில்லை. 2024 கடைசியிலும் 2025இலும் தேங்காய் விலை ஏறியதை நாம் எல்லோரும் கண்டோம். ஆகவே விலையை மாதாமாதம் திருத்தத் தயாராக இருக்க வேண்டும்.

மொரோக்கோவிடம் கற்க வேண்டியது

ஆர்கன் எண்ணெய் உலகச் சந்தைக்குப் போன கதையில் நமக்குப் பாடம் இருக்கிறது. ரபாத் நகரின் ஐந்தாம் முஹம்மத் பல்கலைக்கழகத்தில் இரசாயனப் பேராசிரியையாக இருந்த சுபைதா ஷர்ரூஃப் இந்த எண்ணெயை ஆராய்ந்தவர். ஆய்வோடு நிற்காமல், 1996இல் தமனார் என்ற ஊரில் ‘அமல்’ என்ற பெண்கள் கூட்டுறவுச் சங்கம் உருவாக வழி செய்தார். விதவைகளும் தலாக் சொல்லப்பட்ட பெண்களும் அதில் சேர்ந்தார்கள். 1998இல் யுனெஸ்கோ ஆர்கன் காட்டுப் பகுதியை உயிர்க்கோள ஒதுக்கமாக அறிவித்தது. 2014இல் ஆர்கன் சார்ந்த கைத்தொழில் அறிவு யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. 2021இல் ஐக்கிய நாடுகள் சபை மே 10ஆம் திகதியைச் சர்வதேச ஆர்கன் தினமாக்கியது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பெயர் பெருகியதும் பெரிய கம்பனிகள் இறங்கின. பருப்பை வாங்கி இயந்திரத்தில் பிழிந்து, மொத்தமாக ஏற்றுமதி செய்தன. கல்லால் கொட்டை உடைத்த பெண்ணுக்குக் கிடைத்தது போத்தல் விலையில் சிறு துண்டுதான். போத்தலும் பெயரும் யார் கையில் இருக்கிறதோ, லாபமும் அவர் கையில்தான்.

ஆர்கன் மரம் இலுப்பைக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது பலருக்குத் தெரியாது. இலுப்பையும், கோடையில் வீதியோரத்தில் பழம் விற்கும் நமது பாலை மரமும் அதன் சொந்தக்காரர்கள். இலுப்பைக் கொட்டையில் எண்ணெய் எடுத்து, பிண்ணாக்கை அரப்பாக்கித் தலைக்குத் தேய்த்துக் குளித்தவர்கள் நமது முன்னோர். அந்தப் பிண்ணாக்கில் இயற்கையாகவே நுரைக்கும் பொருள் இருக்கிறது. கரையோரம் எங்கும் தென்னை நிற்கிறது. பல்கலைக்கழகத்தில் விவசாய பீடமும் விஞ்ஞான பீடமும் இருக்கின்றன. ஒரு ஷர்ரூஃப் செய்ததை இங்கே செய்யக் கூடாதா?

1990இல் ஏறாவூரிலும் வந்தாறுமூலையிலும் என்ன நடந்தது என்பதை இந்தப் பக்கத்தில் எழுதத் தேவையில்லை. குடும்பச் சுமையைத் தனியே சுமக்கும் பெண்கள் இரு ஊர்களிலும் இருக்கிறார்கள். வந்தாறுமூலைப் பெண் ஆட்டிய செக்கெண்ணெய், ஏறாவூர்க் கடைக்காரரின் அலுமாரியில், செய்தவர் பெயரோடு இருந்தால் இரு பக்கமும் பிழைக்கும். ஆர்கன் கேட்டு வருபவருக்கு ஆர்கனைக் கொடுங்கள். அதன் பக்கத்தில் இந்தப் போத்தலையும் வையுங்கள். எதில் என்ன இருக்கிறது, எது எதற்கு என்று மறைக்காமல் சொல்லுங்கள்.

சீட்டுக் காசோடு வந்த சகோதரி காசில் பெரும் பகுதியைத் தேங்காய் எண்ணெய்க்கும் நல்ல போத்தலுக்கும் ஒதுக்கியிருக்கிறார். ஆர்கன் 100 மில்லிலீற்றர் மட்டும் வாங்கினார். லேபலில் “ஆர்கன் 10 வீதம்” என்று எழுதச் சொன்னேன், எழுதியிருக்கிறார். பெருநாள் சீசனுக்கு முன் சரக்கு எடுக்கும் சகோதரர்களும் தங்கள் அலுமாரியில் உள்ள போத்தல்களின் பின்பக்கத்தை ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.