ஒரு கிலோ ஹைட்ரஜன், 450 கிராம் கார்பன் டை ஆக்சைடு

தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சி ஹைட்ரஜனைப் பிரிக்கும் ஆலைக்குப் புகைபோக்கி தேவையில்லை. உடன் வெளியேறுவது ஆக்சிஜன்தான். ஆனாலும் அமெரிக்க வரித்துறை அந்த ஹைட்ரஜனின் பூர்வீகத்தைத் துருவுகிறது. துருவத்தான் வேண்டும்.

2022 ஆகஸ்டில் அந்நாட்டில் வந்த பணவீக்கக் குறைப்புச் சட்டம், 45வி என்ற பிரிவில், சுத்த ஹைட்ரஜனுக்குப் பத்தாண்டு வரிச்சலுகை அளித்தது. ஒரு கிலோ ஹைட்ரஜன் தயாரிப்பில் வெளியாகும் கார்பன் டை ஆக்சைடு 450 கிராமுக்குள் இருந்தால் கிலோவுக்கு 3 டாலர். தொழிலாளர் கூலி விதிகளையும் பின்பற்றியிருக்க வேண்டும். 450 கிராமைத் தாண்டினால் 1 டாலர், அப்புறம் 75 சென்ட், 60 சென்ட். 4 கிலோவுக்கு மேல் போனால் சல்லிக்காசு கிடையாது. 440 கிராமுக்கும் 460 கிராமுக்கும் நடுவே 2 டாலர் போய்விடுகிறது!

கணக்குப் போடுவது ஆர்கோன் தேசிய ஆய்வகத்தின் ‘கிரீட்’ மாதிரி. எரிவாயுவிலிருந்து ஹைட்ரஜன் எடுத்தால், கிணற்றிலும் குழாயிலும் கசியும் மீத்தேனும் கணக்கில் ஏறும்.

மின்சாரத்தில்தான் சிக்கல். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குச் சுமார் 55 யூனிட் வேண்டும். நிலக்கரியில் ஒரு யூனிட் எடுக்க ஏறக்குறைய ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. அப்படியானால் அந்த 55-ல் அரை யூனிட் நிலக்கரி மின்சாரம் கலந்தாலே 3 டாலர் போச்சு. முழுக்க நிலக்கரி என்றால் 55 கிலோ. எரிவாயுவிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கும் பழைய முறையே இதைவிட ஐந்து மடங்கு தேவலை.

கம்பியில் வரும் மின்சாரத்துக்கு முகவரி கிடையாது. அதனால் சோலார், காற்றாலைகளிடம் சான்றிதழ் வாங்கிக் காட்டுகிறார்கள். நண்பகல் சோலாருக்கான சான்றிதழை வைத்துக்கொண்டு நள்ளிரவில் ஆலையை ஓட்டினால்? காகிதத்தில் சுத்தம், கிரிட்டில் எரிவது எரிவாயு. ஏற்கெனவே ஊருக்கு ஓடிக்கொண்டிருந்த காற்றாலையை ஹைட்ரஜன் ஆலை வளைத்துப்போட்டாலும் இதே கதைதான்.

2025 ஜனவரியில் வந்த இறுதி விதிகள் இந்த ஓட்டைகளை அடைத்தன. பொதுவாக மின்நிலையம் புதிதாக இருக்க வேண்டும், அதே மண்டலத்தில் இருக்க வேண்டும். 2030 முதல் மணிக்கு மணி கணக்கு ஒத்துப்போக வேண்டும். அதுவரை வருடக் கணக்கு போதும். ஆலையைப் பாதி நேரம் மூடிவைக்கச் சொல்கிறார்களே என்று தொழில்துறை முணுமுணுத்தது. செலவு கூடும், உண்மைதான். ஆனால் பொதுப்பணத்தில் சலுகை வாங்குபவர் மணிக்கணக்கு காட்டுவதில் என்ன தப்பு? அதற்குள் 2025 ஜூலையில் இன்னொரு சட்டம் வந்து, 2028-க்கு முன் கட்டுமானம் தொடங்கும் ஆலைகளுக்கு மட்டுமே சலுகை என்று சுருக்கிவிட்டது.

இந்தியாவின் பசுமை ஹைட்ரஜன் வரையறை 2023 ஆகஸ்டில் வந்தது: பன்னிரண்டு மாத சராசரியில் ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 2 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரை. கிரிட்டில் ‘பேங்கிங்’ செய்த, அதாவது முன்பே கொடுத்துவைத்துப் பிறகு திரும்ப எடுக்கும் மின்சாரமும் பசுமைதான் என்கிறது அது. இரவு மின்சாரத்துக்குப் பெரிதும் நிலக்கரியை நம்பியிருக்கும் நாட்டில் இது தாராளம். பெரிய ஆலைகள் எழும்புமுன் நாமும் மணிக்கணக்குக்கு மாறிவிட வேண்டும்.