நாய்க்குட்டி தத்து எடுக்கப் போறீங்களா? வீட்டுக்கு வந்த பிறகுதான் இருக்கு விஷயமே!

கள்ளக்குறிச்சி,

கள்ளக்குறிச்சி கருணாபுரமாக இருந்தாலும் சரி, கல்வராயன்மலை அடிவார கிராமமாக இருந்தாலும் சரி, தெருவில் நாய் குட்டி போட்டால் பிள்ளைகள் சும்மா இருக்க மாட்டார்கள். "நாமளே வளர்க்கலாம்பா" என்று ஒன்றை தூக்கி வந்துவிடுவார்கள். 2 மாதம் பால்சோறு, கொஞ்சல் எல்லாம் நடக்கும். குட்டி வளர்ந்து செருப்பை கடிக்கும், ராத்திரியில் குரைக்கும். வீட்டுக்காரர் சத்தம் போடுவார். கடைசியில் அது மறுபடியும் தெருவுக்கே வந்துவிடும்.

இப்படி நடக்காமல், எந்த நாய் எந்த வீட்டுக்கு சரிப்படும் என்று பார்த்து சேர்த்து வைப்பதையே சேவையாக செய்யும் தன்னார்வலர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள்.

வெள்ளத்தில் தத்தளித்த குட்டிகள்

1959-ம் ஆண்டு சென்னை தி.நகரில் மழை வெள்ளத்தில் 2 நாய்க்குட்டிகள் தத்தளித்தன. அந்த வழியாக வந்த விமானி கேப்டன் சுந்தரம் அவற்றை காப்பாற்றி வீட்டுக்கு கொண்டு சென்றார். அந்த வீட்டில் தொடங்கிய வேலைதான் 1964-ல் 'புளூ கிராஸ்' அமைப்பாக பதிவானது. சென்னை கிண்டியில் இயங்கும் இந்த அமைப்பு, மீட்ட நாய்களை தத்தும் கொடுக்கிறது.

வெளிநாடுகளில் ஒரே வகை நாய்க்கு மட்டும் தனி மீட்பு குழுக்கள் உண்டு. உதாரணம், 'டெரியர்' நாய்கள். வளைக்குள் பதுங்கும் எலி, நரியை பிடிக்க வளர்க்கப்பட்ட இனம் இது. ஆள் சிறிசு, துறுதுறுப்பு அதிகம், மண்ணை தோண்டிக்கொண்டே இருக்கும். இது தெரியாமல் வாங்கியவர்கள் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள். நம்ம ஊர் சிப்பிப்பாறை, ராஜபாளையம் நாய்களுக்கும் இதே கதைதான். ஓடி வேட்டையாட பிறந்ததை ஒற்றை அறை வீட்டில் கட்டிப்போட்டால் கத்தாமல் என்ன செய்யும்?

வரன் பார்ப்பது போல...

தத்து கொடுக்கும் முன்பு தன்னார்வலர்கள் கேட்கும் கேள்விகள் பல. சொந்த வீடா, வாடகையா? வாடகை என்றால் வீட்டுக்காரர் சம்மதித்தாரா? கைக்குழந்தை இருக்கிறதா? பகலில் வீட்டில் ஆள் உண்டா? வெளியூர் போனால் யார் பார்ப்பது? இதற்கு சரியான பதில் இல்லை என்றால் நாய் கிடையாது.

22-8-2025 அன்று சுப்ரீம் கோர்ட்டு பிறப்பித்த உத்தரவிலும், தெருநாயை தத்து எடுக்க விரும்புவோர் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம் என்றும், எடுத்த நாய் மீண்டும் தெருவுக்கு வராமல் பார்ப்பது அவர்கள் பொறுப்பு என்றும் கூறப்பட்டு உள்ளது. பசி, தாகத்தில் தவிக்கும்படி வளர்ப்பு பிராணியை கைவிடுவது 1960-ம் ஆண்டு மிருகவதை தடுப்பு சட்டப்படி குற்றம். ஆனால் அந்த சட்டம் முதல் தடவைக்கு விதித்த அபராதம் வெறும் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான்!

புதுசா வளர்ப்பவர்களுக்கு...

* 8 வாரம் ஆகும் முன் குட்டியை தாயிடம் இருந்து பிரிக்கக்கூடாது.

* முதல் 3 நாள் பயத்தில் சரியாக சாப்பிடாது, மூலையில் ஒடுங்கும். அக்கம்பக்கத்தாரை கூட்டி வந்து வேடிக்கை காட்டாமல் விட்டுவிட வேண்டும். வீடு பழக 3 வாரம், முழுசா ஒட்டிக்கொள்ள 3 மாதம் ஆகலாம்.

* 3 மாதத்தில் வெறிநாய்க்கடி தடுப்பூசி போட வேண்டும். அடுத்த ஊசி எப்போது என்று கால்நடை டாக்டரிடம் கேட்டு, பிறகு வருடம் தவறாமல் போட வேண்டும்.

* வெந்த கோழி எலும்பு கூர்கூராக உடைந்து குடலை கிழிக்கும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் ஆகாது.

* கருத்தடை ஆபரேஷன் அவசியம். நாய் சினைக்காலம் சுமார் 63 நாள்தான். வருடத்துக்கு 2 முறை கூட குட்டி போடலாம். அந்த குட்டிகளை யார் வளர்ப்பது?

* பிள்ளைகள், நாய் சாப்பிடும்போதும் தூங்கும்போதும் தொடக்கூடாது.

கடித்துவிட்டால்...

வளர்ப்பு நாய்தானே என்று அசட்டையாக இருக்கக்கூடாது. காயத்தை குழாய் தண்ணீரிலும் சோப்பிலும் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதுவும் வைக்கக்கூடாது. உடனே அரசு ஆஸ்பத்திரிக்கு போக வேண்டும். அங்கு ஊசி இலவசம். டாக்டர் சொல்லும் நாட்களில் எல்லா ஊசியையும் போட்டு முடிக்க வேண்டும். பாதியில் நிறுத்தக்கூடாது. நோயின் அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது அரிது.

அதனால் பிள்ளை அடம்பிடிக்கிறதே என்று அவசரப்பட வேண்டாம். ஒரு நாய் 10, 12 வருடம் கூட இருக்கும். இன்று தூக்கி வரும் பிள்ளை காலேஜுக்கு போகும்போதும் அது வாசலில்தான் படுத்திருக்கும். அத்தனை வருடம் சோறும் ஊசியும் நம்மால் முடியுமா என்று வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசி, முடியும் என்றால் எடுங்கள். முடியாது என்றால் எடுக்காமல் இருப்பதே அந்த நாய்க்கு செய்யும் உதவி.