ஞானப்பல் எடுத்தாச்சு... எத்தனை நாளில் தண்ணீரில் இறங்கலாம்?

இரண்டு கைகளும் தண்ணீருக்குள் இருக்கும். சேற்றில் விரல்களால் துழாவி இறாலைப் பிடிக்க வேண்டும். பிடித்ததைப் போடும் பனையோலைக் கூடை எங்கே இருக்கும்? பல்லில்! எண்ணூர், பழவேற்காடு பக்கத்து உப்பங்கழிகளில் கையால் இறால் பிடிக்கும் இருளர் பெண்கள் பலர், கூடையைப் பற்களால் கவ்விக்கொண்டேதான் மணிக்கணக்கில் வேலை பார்க்கிறார்கள்.

அந்த வாயில் ஒரு ஞானப்பல் முரண்டு பிடித்தால் என்ன ஆகும்?

ஞானப்பல் என்பது கடைவாயின் கடைசிப் பல். பொதுவாக 17 முதல் 25 வயதுக்குள் எட்டிப் பார்க்கும். தாடையில் இடம் இல்லாவிட்டால் சாய்ந்தோ, படுத்தோ, பாதி ஈறுக்குள் புதைந்தோ நின்றுவிடும். அதன் மேல் மூடியிருக்கும் ஈறுக்கு அடியில் உணவுத் துணுக்கு சேர்ந்து சீழ் பிடிக்கும். காது வரை வலி தெறிக்கும், வாயைத் திறக்க முடியாது. கிராம்புத் தைலம் வலியைக் கொஞ்ச நேரம் மரக்கச் செய்யுமே தவிர, சாய்ந்த பல்லை நிமிர்த்தாது.

அதற்காக எல்லா ஞானப்பல்லையும் பிடுங்க வேண்டியதில்லை. தொந்தரவு தராத புதைந்த பல்லை வழக்கமாக எடுக்க வேண்டாம் என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2000-லேயே வழிகாட்டுதல் கொடுத்தது. அடிக்கடி வீங்குவது, சொத்தை, பக்கத்துப் பல் கெடுவது, நீர்க்கட்டி போன்றவை இருந்தால் எடுப்பதுதான் நல்லது. எக்ஸ்ரே பார்த்து மருத்துவர் முடிவு செய்வார்.

மீஞ்சூர்க்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. மின்சார ரயிலில் சென்னைக்கு வந்தால், கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மரத்துப்போகும் ஊசி போட்டுத்தான் பல்லை எடுப்பார்கள். வலி தெரியாது, அழுத்தம் மட்டும் தெரியும். சுகர், பிரஷர், இதய நோய் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை நீங்களாகவே நிறுத்தக் கூடாது.

சிக்கலே வீட்டுக்கு வந்த பிறகுதான். பழவேற்காடு ஏரியில் 'பாடு' என்ற பழைய முறை இருக்கிறது. எந்த இடத்தில் யார், எந்த நாளில் வலை கட்டுவது என்று மீனவர்களே முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். தன் முறை வரும் நாளில் கன்னம் வீங்கிவிட்டது என்று படுத்துக்கிடக்க யாருக்கு மனசு வரும்? 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்கூட விசைப்படகுகளுக்குத்தான். சின்னப் படகுக்காரர்களுக்கு அந்த ஓய்வும் இல்லை. அதனால் அவசரம் இல்லாத பல் என்றால், பாடு முடிந்த மறுநாளைத் தேதியாகக் கேட்டு வாங்குவது புத்திசாலித்தனம்.

ஏன் இவ்வளவு கணக்கு? பல் இருந்த குழியில் ரத்தம் உறைந்து ஒரு கட்டி உருவாகும். புண்ணுக்கு அதுதான் மூடி. அது பெயர்ந்துவிட்டால் உள்ளே எலும்பு வெளியே தெரியும். இதுதான் 'ட்ரை சாக்கெட்'. இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள் காது, நெற்றிப்பொட்டு வரை வலி குடையும், வாய் நாறும். அப்படியானால் மருத்துவரிடம் போய்க் குழியைக் கழுவி மருந்து வைத்துக்கொள்ள வேண்டியதுதான். புகை பிடிப்பவர்களுக்கு இது வரும் வாய்ப்பு அதிகம். குட்கா, பான் மசாலாவைத் தமிழக அரசு 2013-லேயே தடை செய்தது. ஆனாலும் அவை பலரின் கன்னத்துக்குள் போவது நிற்கவில்லை. குறைந்தபட்சம் புண் ஆறும் வரையாவது நிறுத்துங்கள்.

வைத்து அனுப்பும் பஞ்சை அரை மணி நேரத்துக்கு மேல் அழுத்திக் கடித்துக்கொள்ள வேண்டும். முதல் 24 மணி நேரம் எச்சிலைக் காறித் துப்பக் கூடாது, வாய் கொப்பளிக்கக் கூடாது, ஸ்ட்ரா வைத்து உறிஞ்சக் கூடாது. முதல் நாள் கன்னத்தில் வெளியிலிருந்து ஐஸ் ஒத்தடம் கொடுக்கலாம். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை வாயில் வைத்திருந்து மெல்ல வழிய விட வேண்டும். (உப்புத் தண்ணீர்தானே என்று ஏரித் தண்ணீரை வாயில் ஊற்றிவிடாதீர்கள்!)

சாப்பாட்டுக்கு ஆறிய கஞ்சி, கேழ்வரகுக் கூழ், தயிர் விட்டுப் பிசைந்த குழைந்த சோறு போதும். ஐஸ்கிரீமும் சாப்பிடலாம், ஸ்பூனால் மட்டும். மடவை மீன் குழம்பும் நண்டும் கொஞ்ச நாள் காத்திருக்கட்டும். காரம் எரியும், முள்ளும் ஓடும் குழியில் குத்தும். வலி மாத்திரையை மருத்துவர் எழுதியபடி மட்டும் போடுங்கள். ஆஸ்பிரின் ரத்தக் கசிவைக் கூட்டும், தானாக வாங்கிப் போடாதீர்கள்.

வீக்கம் இரண்டு, மூன்று நாட்களில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு வடியும். பார்க்கப் பயமாக இருந்தாலும் இது இயல்புதான். மூன்றாம் நாளுக்குப் பிறகும் வீக்கம் ஏறினால், காய்ச்சல் வந்தால், பஞ்சைக் கடித்தும் ரத்தம் நிற்காவிட்டால் திரும்பிப் போக வேண்டும். உதடோ நாக்கோ மறுநாளும் மரத்தே இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் என்றால் ராத்திரி என்றும் பார்க்கக் கூடாது.

வலை இழுப்பது, படகு தள்ளுவது, ஐஸ் பெட்டி தூக்குவது போன்ற வேலைகள் முதல் மூன்று, நான்கு நாட்கள் வேண்டாம். எலும்பைச் சீவிப் பல்லை எடுத்திருந்தால் ஒரு வாரமாவது ஆகும். வலைநூலைப் பல்லால் அறுக்கும் பழக்கத்துக்கும் லீவு கொடுங்கள். பிரிக்க வேண்டிய தையல் என்றால் ஒரு வாரம் கழித்துக் கூப்பிடுவார்கள். கூடையை மறுபடி எப்போது பல்லில் கவ்வலாம் என்று அன்றைக்கே கேட்டுக்கொள்ளலாம். அதுவரை அதை இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள்.