பிள்ளைக்குக் காது கேட்கின்றதா?

"கூப்பிட்டாலும் திரும்பிப் பாரான், சொன்னதைச் செய்யான், படிப்பிலும் மந்தம்" என்று தம் பிள்ளையைக் குறைகூறும் பெற்றோர் பலர். பாடசாலையிலும் அவனுக்குக் கிடைப்பவை 'குழப்படிக்காரன்' என்ற பட்டமும் பின் வாங்குமே. அவனுக்குக் காது நன்றாகக் கேட்கின்றதா என்று வினவுவார் மிகச் சிலரே.

இக்குறை நாம் எண்ணுவதுபோல் அரிதானதன்று. பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுள் 1 முதல் 3 வரையானோர் செவிப்புலன் குறைவுடனேயே பிறக்கின்றனர். உலகெங்கும் 3 கோடியே 40 இலட்சம் பிள்ளைகள் இதனால் உதவி வேண்டி நிற்கின்றனர் என்பதும், நூற்றுக்கு 60 பங்கு தடுக்கத்தக்க காரணங்களால் நேர்வது என்பதும் உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணிப்பு.

கருவுற்ற தாயைப் பற்றும் ருபெல்லா என்னும் ஜேர்மன் சின்னமுத்து, பிள்ளைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல், கூகைக்கட்டு, காதிற் சீழ் வடிதல் ஆகியன அக்காரணங்களுட் சில. முறைப்படி தடுப்பூசி ஏற்றுவித்தல் பெற்றோரின் கடமையாகும். சீழ் வடியும் காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றும் வழக்கத்தை அறவே விட்டு, வைத்தியரை நாடல் வேண்டும்.

தடிமன், சளியினால் நடுச்செவியில் நீர் தங்கினும் கேட்கும் ஆற்றல் குன்றும். அப்பிள்ளைக்கு ஒருநாள் கேட்கும், மறுநாள் கேளாது. 'பிடிவாதக்காரன்' என்ற பழி அவனை எளிதில் வந்தடைவது இதனாலேயே.

காலந் தாழ்த்துவதே பெருங்கேடு. குழந்தை பேசக் கற்பது பிறர் பேச்சைக் கேட்டன்றோ! ஆறு மாதத்துக்கு முன் குறை கண்டறியப்பட்ட பிள்ளைகள், பிந்திக் கண்டறியப்பட்டோரினும் மொழியாற்றலில் மேம்பட்டிருந்தனர் என்பதை அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் நடந்து 1998இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. பேரொலிக்குத் திடுக்கிடாத சிசுவையும், ஒரு வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தையையும், பேசுவோர் வாயையே உற்றுநோக்கும் மாணவனையும் உடனே சோதிப்பித்தல் நன்று.

குறை உறுதியாயின் மனந்தளர வேண்டியதில்லை. செவிப்புலக் கருவி பலருக்குப் பயன்படும். சிலருக்கு உட்செவியிற் கருவி பொருத்தும் சத்திரசிகிச்சை உண்டு. சைகை மொழியை இழிவென்று ஒதுக்கலாகாது. அதுவும் முழுமையான மொழியே. 1912இல் தோன்றிய இரத்மலானைப் பாடசாலையும் கைதடி நவீல்ட் பாடசாலையும் இத்தகைய பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டி வந்துள்ளன. பொது வகுப்பிற் பயிலும் பிள்ளைக்கு முன் வாங்கில் இடமளித்து, கரும்பலகையை நோக்கிப் பேசாது அவன் முகம் நோக்கிப் பேசுதல் ஆசிரியர் செய்யக்கூடிய பேருதவி.

மந்தன் என்று முடிவு கட்டுமுன் அவன் காதைச் சோதிப்பிப்போமாக. அதற்குச் செலவாகும் ஒரு நாட்பொழுது, அவன் வாழ்நாள் முழுவதையும் காக்கவல்லது.