ஜாவாஸ்கிரிப்டில் ஒத்தியங்கு, ஒத்தியங்காக் கோப்பு வாசிப்பு

ஜாவாஸ்கிரிப்ட் நிரலாக்கத்தில் வட்டில் உள்ள ஒரு கோப்பைப் படிக்க இரு முறைகள் உள்ளன. கோப்பு முழுவதும் படித்து முடிக்கப்படும் வரை நிரல் அடுத்த வரிக்குச் செல்லாது காத்திருப்பது ஒத்தியங்கு வாசிப்பு எனப்படும். படிக்கும்படி வேண்டுகோள் விடுத்துவிட்டு நிரல் தன் பிற பணிகளைத் தொடர்வது ஒத்தியங்கா வாசிப்பு ஆகும். கோப்பின் உள்ளடக்கம் கிடைத்ததும் முன்பே குறித்துவைத்த செயற்கூறு ஒன்று அழைக்கப்படுகிறது. நோட்.ஜேஎஸ் சூழலில் முன்னதற்கு ரீட்ஃபைல்சிங்க் என்னும் செயற்கூறும், பின்னதற்கு ரீட்ஃபைல் என்னும் செயற்கூறும் பயன்படுகின்றன.

பின்னணி

ஜாவாஸ்கிரிப்ட் 1995 ஆம் ஆண்டில் பிரெண்டன் ஐக் என்பவரால் நெட்ஸ்கேப் உலாவிக்காக உருவாக்கப்பட்டது. உலாவியில் இயங்கும் நிரல், பயனரின் கோப்புகளைத் தன் விருப்பப்படி திறக்க இயலாது. 2009 இல் ரையன் டால் நோட்.ஜேஎஸ் மென்பொருளை வெளியிட்டு இம்மொழியை வழங்கிகளில் இயக்க வழிசெய்தபோதே கோப்பு வாசிப்பு முதன்மையான சிக்கலாயிற்று. அவ்வாண்டு பெர்லினில் ஆற்றிய உரையில் அவர் ஓர் ஒப்பீட்டைக் காட்டினார். செயலியின் மிக அருகிலுள்ள பதுக்ககத்திலிருந்து தரவைப் பெற 3 சுழற்சிகளும், முதன்மை நினைவகத்திலிருந்து பெற 250 சுழற்சிகளும் ஆகும். வட்டிலிருந்து பெறவோ 4 கோடியே 10 இலட்சம் சுழற்சிகள் ஆகும். திண்மநிலை வட்டுகள் பரவிய பின் இவ்விடைவெளி பெரிதும் சுருங்கியுள்ளது. ஆயினும் வட்டு நினைவகத்திற்கு ஈடாகவில்லை.

ஒற்றை இழையும் காத்திருப்பும்

நோட்.ஜேஎஸ்ஸில் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் இயல்பாக ஒரே இழையில் இயங்குகிறது. எனவே ஒத்தியங்கு வாசிப்பின்போது, கோப்பைக் கேட்ட பயனர் மட்டுமன்றி வழங்கியை அணுகும் அனைவரும் காத்திருக்க நேரிடும். ஒரு கோப்பைப் படிக்க 20 மில்லிநொடி ஆவதாகக் கொள்வோம். ஒரே வேளையில் 100 பேர் அதனைக் கேட்டால் இறுதியில் நிற்பவருக்கு 2 நொடி கழித்தே விடை கிடைக்கும். கோப்பே தேவைப்படாத எளிய வேண்டுகோளும் இவ்வரிசையில் சிக்கிக்கொள்ளும். தன் கணினியில் தனியாகச் சோதிக்கும் நிரலருக்கு இக்குறை தென்படுவதில்லை.

ஒத்தியங்கா முறை கோப்பை விரைவாகப் படிக்கும் என்பது பரவலான தவறான எண்ணம். வட்டின் வேகம் மாறுவதில்லை. ஒரு கோப்பை மட்டும் படிக்கையில் ஒத்தியங்கு முறையே சற்று விரைவாக முடிவதும் உண்டு. மிச்சமாவது முதன்மை இழையின் நேரமே. உண்மையில் காத்திருக்கும் வேலை மறைவதில்லை. அது லிப்யூவி என்னும் நிரலகத்தின் துணை இழைகளுக்கு மாற்றப்படுகிறது. இவ்விழைகள் இயல்பிருப்பில் 4 மட்டுமே. நான்கும் வேலையில் இருந்தால் அடுத்த வாசிப்பு வரிசையில் நிற்கும்.

நிரலின் ஒழுங்கு

ரீட்ஃபைலை அழைத்து, அதன் உள்ளடக்கத்தை ஒரு மாறியில் இடுமாறு எழுதி, அடுத்த வரியிலேயே அம்மாறியை அச்சிடுவது தொடக்கநிலை மாணவர்கள் பெரிதும் செய்யும் பிழையாகும். அச்சிடும் வரி இயங்கும்போது கோப்பு இன்னும் வந்திராது. திரையில் மதிப்பு வரையறுக்கப்படவில்லை என்றே தோன்றும். உள்ளடக்கத்தைப் பயன்படுத்தும் வரிகள் திரும்ப அழைக்கப்படும் செயற்கூறின் உள்ளேயே அமைய வேண்டும். பிழை கையாளலும் வேறுபடுகிறது. ஒத்தியங்கு முறையில் பிழை எறியப்படுவதால் டிரை, கேட்ச் கட்டமைப்பில் அதனைப் பிடிக்கலாம். ரீட்ஃபைலிலோ கோப்பு இல்லாமை போன்ற பிழைகள் திரும்ப அழைக்கப்படும் செயற்கூறின் முதல் அளபுருவாக வந்து சேரும். அதனைச் சோதிக்காத நிரல், இல்லாத கோப்பைப் படித்ததாக எண்ணித் தொடரும்.

ஒன்றனுள் ஒன்றாக அடுக்கப்பட்ட இத்தகைய செயற்கூறுகள் படிப்பதற்குக் கடினமானவை. 2015 ஆம் ஆண்டின் மொழித் தரத்தில் பிராமிஸ் என்னும் பொருளும், 2017 ஆம் ஆண்டின் தரத்தில் அவெய்ட் என்னும் குறிச்சொல்லும் இடம்பெற்றன. அவெய்ட் கொண்ட நிரல் பார்வைக்கு ஒத்தியங்கு நிரலைப் போன்றே இருக்கும். ஆனால் நிற்பது அச்செயற்கூறு மட்டுமே, முதன்மை இழை அன்று. பிழையையும் இங்கு டிரை, கேட்ச் கொண்டே பிடிக்கலாம்.

பயன்பாடு

ஒத்தியங்கு வாசிப்பு விலக்கத்தக்கது அன்று. வழங்கி வேண்டுகோள்களை ஏற்கத் தொடங்குமுன் அமைவுக் கோப்பைப் படிக்கவும், கட்டளை வரியில் ஒருமுறை இயங்கி முடியும் சிறு நிரல்களிலும் அதுவே எளியது. நோட்.ஜேஎஸ்ஸின் ரிக்கொயர் கட்டளையும் நிரல்கூறுகளை இம்முறையிலேயே ஏற்றுகிறது. மிகப் பெரிய கோப்புகளுக்கு இவ்விரண்டுமே பொருந்துவதில்லை. இரண்டும் கோப்பு முழுவதையும் நினைவகத்தில் ஏற்றுவதால், அத்தகைய கோப்புகள் தாரை முறையில் சிறு துண்டுகளாகப் படிக்கப்படுகின்றன.