டி. ரெக்ஸ், டார்போசாரஸ்: மோதினால் வெல்வது எது?

இரண்டு பெரிய டைனோசர்கள் மோதினால் எது வெல்லும்? டைனோசர் படம் பார்த்துவிட்டு வந்த நண்பர்களிடையே இந்த வாதம் எழாமல் இருக்காது. டைரனோசாரஸ் ரெக்ஸையும் அதன் ஆசிய உறவான டார்போசாரஸையும் எதிரெதிரே நிறுத்திப் பார்ப்போமா?

உண்மையில் இவை சந்தித்ததே இல்லை. டார்போசாரஸ் ஏறக்குறைய 7 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இன்றைய மங்கோலியாவில் வாழ்ந்தது. டி. ரெக்ஸ் அதற்குப் பிறகு வட அமெரிக்காவில் வாழ்ந்து, 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அழிந்தது. ஆனாலும் கிடைத்துள்ள எலும்புகளைக் கொண்டு இரண்டின் பலத்தையும் எடைபோடலாம்.

முதலில் உடல். சிகாகோ அரும்பொருளகம் ஒன்றில் உள்ள 'சூ' எனும் டி. ரெக்ஸ் 12 மீட்டருக்கும் அதிக நீளமுடையது. கனடாவில் கிடைத்த 'ஸ்காட்டி' உயிருடன் இருந்தபோது 8,800 கிலோகிராமுக்கு மேல் எடை இருந்திருக்கும் என்று 2019இல் ஆய்வாளர்கள் கணித்தனர். டார்போசாரஸின் நீளம் சுமார் 10 மீட்டர். எடை 4 முதல் 5 டன்.

அடுத்தது கடி. டி. ரெக்ஸின் கடிவிசை 35,000 முதல் 57,000 நியூட்டன் வரை இருந்திருக்கலாம் என்று 2012இல் வெளியான கணினி ஆய்வு கூறுகிறது. சரவாக் ஆறுகளில் காணப்படும் உவர்நீர் முதலை இனத்திடம் அளக்கப்பட்ட மிக அதிகமான கடிவிசையே 16,000 நியூட்டனுக்குச் சற்று அதிகம்தான். டி. ரெக்ஸினுடையது எனக் கருதப்படும் புதைபடிவச் சாணத்தில் நொறுங்கிய எலும்புத் துண்டுகளும் கிடைத்துள்ளன.

டார்போசாரஸும் எளிய எதிரியன்று. அதன் மண்டையோடு குறுகலானது. ஆனால் கீழ்த்தாடை எலும்புகள் பூட்டுப் போட்டதுபோல் இறுகப் பொருந்தியிருந்தன. நீண்ட கழுத்துடைய பெரிய தாவர உண்ணிகளை வேட்டையாட இது உதவியிருக்கலாம் என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து. டி. ரெக்ஸின் மண்டையோடோ பின்பக்கம் அகன்றது. அதனால் கண்கள் முன்னோக்கி அமைந்து, தூரத்தைத் துல்லியமாகக் கணிக்க உதவின.

எடை, கடி, பார்வை மூன்றிலும் முழு வளர்ச்சியடைந்த டி. ரெக்ஸின் கையே ஓங்குகிறது.

ஆனால், எலும்புகள் இன்னொன்றையும் சொல்கின்றன. டைரனோசாரஸ் குடும்பத்து விலங்குகள் பலவற்றின் முகத்தில் தம் இனத்தின் பற்களே பதித்த தழும்புகள் உள்ளன. குட்டிகளிடம் அவை இல்லை. பாதி வளர்ந்த பிறகே தோன்றுகின்றன. இணைக்காகவோ இடத்துக்காகவோ அவை மோதியிருக்கலாம். அந்தக் காயங்களில் பல ஆறியிருக்கின்றன. அதாவது, தோற்றதும் வென்றதும் உயிரோடு திரும்பியிருக்கின்றன.

திரைப்படச் சண்டை ஒன்றின் மரணத்தில்தான் முடியும். இயற்கையில் அப்படி முடிந்தாக வேண்டும் என்பதில்லை. அடுத்த முறை நண்பர்களிடையே இந்த வாதம் எழுந்தால், 'எது வெல்லும்?' என்பதோடு நிறுத்தாமல், 'எலும்பில் அதற்கு என்ன சான்று?' என்றும் கேட்டுப் பாருங்கள்.